சபர்மதிக் கரையில் யார் பொதுமக்கள்?

ஆறும் ஆற்றங்கரையும் மக்களுடையவை. அரசு அவற்றின் அறங்காவலர் மட்டுமே. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது. பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு விடுதி நிறுவனம் பெற்றிருந்த குத்தகை அத்தீர்ப்பால் ரத்தானது.

அடுத்த ஆண்டே அகமதாபாத் மாநகராட்சி, சபர்மதி ஆற்றுமுக மேம்பாட்டுக்கெனத் தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. இரு கரைகளிலும் தடுப்புச் சுவர் எழுப்பி, ஆற்றை 263 மீட்டர் சீரான அகலத்துக்குள் ஒடுக்குவது. அவ்வாறு மீட்கப்படும் ஏறத்தாழ 200 ஹெக்டேர் நிலத்தில் 15 விழுக்காட்டுக்கும் குறைவானதைத் தனியார் கட்டடங்களுக்கு விற்றுச் செலவை ஈடுகட்டுவது. எஞ்சியதைப் பூங்கா, சாலை, உலாப்பாதை எனப் பொதுவில் வைப்பது. இதுவே திட்டத்தின் கணக்கு.

தனியார் பணம் பொதுக் கரையைத் தாங்கலாம் என்பதை நாம் மறுக்கவில்லை. 2012-இல் திறக்கப்பட்ட உலாப்பாதையில் மக்கள் நீரோரம் நடக்கிறார்கள்; அது மெய்யான பயன்தான். ஆனால் 85 விழுக்காடு பொதுநிலம் என்று பெருமை பேசுவோர், அந்தப் 'பொது'வில் யாரைச் சேர்த்தார்கள் என்று சொல்வதில்லை. அதே கரையில் பல்லாண்டுகளாகக் குடியிருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அகற்றப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் முஸ்லிம்களுமான உழைப்பாளிகள். மறுகுடியமர்வு உரிமைக்காக அவர்கள் 2005-இல் குஜராத் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருந்தது. அப்படியும் ஒரு பகுதியினர் பிப்லஜில், நகரக் குப்பைமேட்டுக்கு அருகே தற்காலிகமாக விடப்பட்டனர். ஞாயிறுதோறும் கரையில் கூடிய பழைய குஜரி சந்தையின் வணிகர்களும் தங்கள் இடத்துக்காக நீதிமன்றப் படியேறினர்.

சேர்க்கப்படாதவர்களை வெளியே நிறுத்த எப்போதும் சுவர் தேவைப்படுவதில்லை; கட்டணச் சீட்டே போதும். 2022-இல் திறக்கப்பட்ட அடல் நடைபாலத்தில் பெரியவர் ஒருவர் அரை மணி நேரம் நிற்க 30 ரூபாய் கேட்கப்பட்டது. ஒரு குடும்பமாகச் செல்லும் கூலித் தொழிலாளிக்கு அது சிறு தொகையன்று.

இத்தகைய திட்டம் தம் ஊருக்கு வரும்போது தோழர்கள் முதலில் கேட்டுப் பெற வேண்டியது வரைபடத்தை அன்று, நிலவிற்பனை நிபந்தனைகளை. மாநகராட்சிக்கு உடைமையான நிறுவனமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(எச்)-இன்படி பொது அதிகார அமைப்பே. 'நாங்கள் கம்பெனி' என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. கட்டணமற்ற வழியுரிமை, கரைக்குச் செல்லும் குறுக்குப் பாதைகள், விற்பனைத் தொகையில் பராமரிப்புக்கான பங்கு, அகற்றப்படுவோருக்கு அண்மையிலேயே வீடு ஆகியவை ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கிரயப் பத்திரம் பதிவான பின், வாங்கியவரை அவற்றுக்குக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம்.