பென்சிலால் எழுதிய மனு

நீதிமன்றம் என்றதும் நம்மில் பலருக்கு உள்ளம் நடுங்குகின்றது. வழக்கினும் வழக்கறிஞர் கட்டணமே பெரிதாகத் தோன்றுகின்றது. பொருள் இல்லாதவனுக்கு நீதி உண்டா? இவ்வினாவிற்கு அமெரிக்க நாட்டுக் கைதி ஒருவர் விடை பெற்றுத் தந்த வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

1961-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், புளோரிடா மாநிலத்துப் பனாமா சிட்டியில், விளையாட்டு விடுதி ஒன்றில் திருடும் நோக்குடன் கதவுடைத்துப் புகுந்ததாகக் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பார்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அந்நாட்டார் சிறு குற்றத்தை 'மிஸ்டிமீனர்' என்றும், பொதுவாக ஓராண்டிற்கு மேற்பட்ட சிறைக்குரிய பெருங்குற்றத்தை 'பெலனி' என்றும் வழங்குவர். கிடியன்மீது சாட்டப்பட்டது பெருங்குற்றமாகும்.

அவரிடம் பொருளில்லை. வழக்கறிஞர் ஒருவரை நியமித்தருள நீதிபதியை வேண்டினார். மரண தண்டனைக்குரிய வழக்கில் மட்டுமே மாநிலச் சட்டம் அதற்கு இடந்தருமென்று நீதிபதி மறுத்தார். கிடியன் தாமே வாதாடினார். சாட்சியங்களைக் கேட்டுக் குற்றம் உண்டா, இல்லையா என உரைப்போர், பொதுமக்களுள் தேர்ந்தெடுக்கப்பெற்ற 'ஜூரி'கள். தண்டனை விதிப்பவர் நீதிபதி. ஜூரிகள் குற்றவாளி என்றனர். ஐந்தாண்டுச் சிறை கிடைத்தது.

சிறையிலிருந்தவாறே, கோடிட்ட தாளில் பென்சிலால் உச்ச நீதிமன்றத்திற்கு மனு எழுதினார் கிடியன். அலுவலகத்தில் நாள்தோறும் மனுக்களைப் பதிவு செய்யும் நாம், படிவம் பிழையென்று திரும்பிய மனுக்கள் எத்தனையோ கண்டுள்ளோம். அம்மனுவோ வறியோர் மனுவாக 1962-இல் ஏற்கப்பெற்றது! அவருக்காக வாதாட ஏப் போர்ட்டாஸ் என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞரை நீதிமன்றமே நியமித்தது.

குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு வழக்கறிஞர் உதவி உண்டென்பது, 1791-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம். மாநில நீதிமன்றங்களில் அது எல்லா வறியவர்க்கும் உரியதன்று என 1942-இல் அதே உச்ச நீதிமன்றம் தீர்த்திருந்தது. அன்று மாறுபட்டு எழுதியவர் நீதிபதி ஹியூகோ பிளாக். 1963 மார்ச் 18-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக முன்னைத் தீர்ப்பை மாற்றினர். அத்தீர்ப்பை எழுதியவரும் அதே பிளாக்கே! பெருங்குற்ற வழக்கில் வறியவர்க்கு மாநிலமே வழக்கறிஞரை அளித்தல் வேண்டும் என்பது முடிவு.

ஆகஸ்டில் வழக்கு மீண்டும் நடந்தது. இம்முறை கிடியனுக்கு வழக்கறிஞர் இருந்தார். அரசுத் தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணையால் மடக்கினார். ஜூரிகள் குற்றமற்றவர் என்றனர். ஆளும் அவரே, குற்றச்சாட்டும் அதுவே. வேறுபாடு வழக்கறிஞர் ஒருவரே!

நம் நாட்டிலும் வறியவர்க்கு இலவசச் சட்ட உதவி உரிமையென்று 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. அது பிச்சையன்று, உரிமை. அதனை நம் இல்லத்துச் சிறுவரும் அறிந்திருத்தல் நன்று.