பழைய விலையில் ஓர் ஒத்திகை

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் இன்று பல பிள்ளைகள் கணினியில் நாலு வரி எழுதி, "பத்து வருஷ விலையில சோதிச்சுட்டேன், லாபம் வருது" என்கிறார்கள். இதற்குப் பேக்டெஸ்ட் என்று பெயர். வாங்கி விற்கும் ஒரு விதியைப் பழைய விலைகளின்மேல் ஓட்டிப் பார்க்கும் ஒத்திகை இது. இதன் சரித்திரம் தெரிந்தால்தான், இதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் விளங்கும்.

அமெரிக்காவில் ஆல்பிரட் கவுல்ஸ் என்பவர், 1929 வீழ்ச்சிக்குப் பின் ஆரூடக்காரர்களின் கணக்கைச் சரிபார்க்கத் துணிந்தார். 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' ஆசிரியர் வில்லியம் ஹாமில்டன் 1903 முதல் 1929 வரை எழுதிய தலையங்கங்களின்படி வாங்கி விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? 1933இல் விடை வந்தது: ஆண்டுக்கு 12 சதவீதம். பங்கை வாங்கிப் பேசாமல் வைத்திருந்தவருக்கோ 15.5 சதவீதம்! சந்தை திரும்பும் என்று ஹாமில்டன் சொன்ன 90 கணிப்புகளில் 45 பலித்தன, 45 பொய்த்தன. காசைச் சுண்டிப் போட்டாலும் இதுதானே வரும்?

அன்று பெரும் உழைப்பாக இருந்ததைப் பின்னாளில் வீட்டுக் கணினி எளிதாக்கியது. 1980களில் மெட்டாஸ்டாக், 1991இல் டிரேட்ஸ்டேஷன், 1995இல் போலந்துக்காரர் தோமாஷ் யானெச்கோவின் அமிபுரோக்கர் என்று மென்பொருள்கள் வந்தன. நம் நாட்டில் 1994இல் தேசியப் பங்குச் சந்தை திரைவழி வணிகத்தைத் தொடங்கியது. '15 நாள் சராசரி 45 நாள் சராசரியை மேல்நோக்கிக் கடந்தால் வாங்கு' என்று ஒரு வரி எழுதினால் போதும், நொடியில் வரலாறு முழுவதையும் மென்பொருள் கணக்கிட்டுவிடும்.

கோளாறு இங்கேதான் ஆரம்பிக்குது. முதலாவது, இறந்தவரை மறத்தல். 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் பொய்க்கணக்கு வெளிப்பட்டு, அம்மாதமே அது நிஃப்டியிலிருந்து நீங்கியது. இன்றைய 50 பங்குகளை வைத்து 2008ஐச் சோதித்தால் அந்த நஷ்டம் கணக்கிலேயே வராது. இரண்டாவது, நாளையைப் பார்த்துவிடுதல். முடிவு விலையை வைத்து வரும் சமிக்ஞைக்கு அதே முடிவு விலையில் வாங்கியதாக எழுதுவது கடையில் நடக்காத வியாபாரம். மூன்றாவது, 15க்குப் பதில் 17, 45க்குப் பதில் 43 என்று லாபம் வரும்வரை எண்ணை மாற்றிக்கொண்டே போவது. அது சோதனையல்ல, பழைய விடைத்தாளை மனப்பாடம் செய்வது. தரகும் வரியும் கழிக்காத லாபமோ ஏட்டுச் சுரைக்காய்.

இது விளையாட்டுச் சேதியில்லை. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேர வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகச் செபி ஆய்வு சொல்கிறது.

ஆகவே பெரியவர்கள் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம், கேள்வி கேளுங்கள். விதியை உருவாக்கும்போது தொடாமல் ஒதுக்கி வைத்த சில வருஷ விலையில் அது தேறியதா? செலவு கழித்தாயா? நீக்கப்பட்ட பங்குகளைச் சேர்த்தாயா? நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் மூன்றும் சேர்ந்தால்தான் வழி என்பது எங்கள் சமண நெறி. கணினி தருவது ஞானத்தில் ஒரு பங்குதான். மற்ற இரண்டும் நம்ம கையில்.