தருசொல்லின் எல்லை: ஜப்பானியத்தைத் தாமே பயில்வோரும் தொல்காப்பிய விதியும்

தமிழும் ஜப்பானியமும் ஒரு குலத்தன என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ 1980களில் விரித்துரைத்ததும், தமிழறிஞர் பொற்கோ, யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் முதலியோர் அவ்வாய்வில் உடனுழைத்ததும் நம்மவர் அறிந்தவை. அக்கொள்கையினின்று, தமிழறிந்தவன் ஓய்வு நேரத்தில் ஆசிரியரின்றியே ஜப்பானியத்தைக் கைக்கொள்ளலாம் என்றதோர் அனுமானமும் கிளைத்திருக்கிறது. வாக்கிய அமைப்பளவில் இது பொய்யன்று. வினை ஈற்றில் நிற்பதும், 'சாப்பிட்டுப் பார்', 'எழுதி வை' போன்ற துணைவினைகள் சொல்லுக்குச் சொல் அங்கும் அமைவதும், காரைக்குடியில் மாலைப் பொழுதில் புத்தகத்தோடு தனித்தமரும் மாணவனுக்கு விரைவில் புலப்படும். ஆயினும் இவற்றுட் பல கொரிய மொழிக்கும் பொதுவாதலின் குல சம்பந்தத்திற்குச் சிறப்புச் சான்றாகா. இங்கு யான் ஆராய்வது, ஒப்புமை மிக நெருங்கியிருப்பதனாலேயே பயில்வோனை இடறச் செய்யும் ஓரிடத்தை.

செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கனுள் தருசொல்லும் வருசொல்லும் தன்மை முன்னிலைகட்கும், ஏனை இரண்டும் படர்க்கைக்கும் உரியன என்பது தொல்காப்பியக் கிளவியாக்க விதி. ஜப்பானியத்திலோ, தனக்கு ஒருவர் கொடுப்பதைக் 'குரெரு' என்றும், பிறர்க்குக் கொடுப்பதை 'அகெரு' என்றும் வேறுபடுத்துவர். இவ்விரண்டையும் அருகருகே வைத்து, முன்னது 'தா', பின்னது 'கொடு' எனச் சமன்செய்யும் வாசிப்பு கவர்ச்சியுடையதே. ஆனால் இரண்டிடங்களில் அது நில்லாது. 'நான் உனக்குத் தருவேன்' என்னுமிடத்துத் தொல்காப்பிய நெறி தருசொல்லை வேண்ட, இக்கால ஜப்பானியப் பொதுவழக்கு அகெருவையே வேண்டும். 'நண்பர் என் தங்கைக்குப் புத்தகம் கொடுத்தார்' என்னுமிடத்துத் தங்கை படர்க்கையாதலின் நம் விதிப்படி கொடையே வரும். ஜப்பானியனோ தங்கையைத் தன் பக்கத்தவளாக எண்ணிக் குரெரு என்பான். ஆகவே தொல்காப்பியர் வரைந்தது உரையாடலின் எல்லை; ஜப்பானியர் வரைவது உறவின் எல்லை என்று துணியலாம். ஒரே நகரக் கோயிலைச் சார்ந்தோரைப் பங்காளிகள் எனக் கருதும் செட்டிநாட்டானுக்கு இத்தகைய வட்டம் புதிதன்று. ஆனால் பங்காளி உறவு பிறப்பால் நிலைத்தது, ஜப்பானிய வட்டமோ கேட்போர்க்கேற்ப விரிந்து சுருங்குவது.

செய்யுள் வழக்கில் இவ்விதி பிறழ்ந்த இடங்கள் உளவே என்பார்க்கு, பிறழ்ச்சி உண்மையானாலும் விதியின் அச்சு மாறவில்லை என்பதே விடை. கொடுத்தலை இரு சொற்களால் வேறுபடுத்தும் இம்முறை இரு மொழிக்கும் பொதுவான பூர்வீகச் சொத்து என்பாரையும் ஏற்பதற்கில்லை. ஜப்பானின் சில வட்டார வழக்குகளில் குரெரு இன்றும் பிறர்க்குக் கொடுத்தலைக் குறிப்பதால், அங்கு இது பிற்காலத்து வளர்ச்சி என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இன்னுமொன்று கருதத்தக்கது. 'எனக்குக் குடு', 'அவருக்குக் குடு' என்று ஒரே வினையால் பேசும் இக்காலத் தமிழனிடம் பழைய விதியின் உணர்வே மங்கிவிட்டது. அவன் தனிமையில் பயின்று, சென்னையில் நடைபெறும் ஜப்பானிய மொழித் தேர்ச்சிப் பரீட்சைக்குச் செல்கிறான். ஐந்து படிகளையுடைய அப்பரீட்சையில் பேசிக்காட்டும் பகுதி இல்லை; கட்டுரை வரைதலும் இல்லை; தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தலே முறை. எனவே சம்பாஷணையில் குரெரு, அகெரு இரண்டையும் மயக்கும் பிழை திருத்தப்படாமலே உயர்படி வரை அவனைத் தொடரக்கூடும்.

ஆதலின், தாமே பயில்வோர்க்குச் சொற்பட்டியலினும் கிளவியாக்கமே பெருந்துணை என்பது என் அபிப்பிராயம். ஒற்றுமைக்குச் சான்றாக அன்று, வேற்றுமையை அளக்கும் கோலாக அதனைக் கைக்கொள்ளின்.