உறைகுளிரில் உயிர்

மகப்பேற்றைப் பெரும்பேறாகப் போற்றும் நாட்டில் நாம் வாழ்கிறோம். அப்பேறு வாய்க்காதவர்க்கு இன்றைய மருத்துவம் அளிக்கும் துணைகளுள் ஒன்று, உடலுக்கு வெளியே கருவை உருவாக்கி, அதனைக் கடுங்குளிரில் உறையவைத்து, தக்க காலம் வரும்வரை காத்துவைக்கும் கலையாகும். அவ்வாறு உறையவைக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று நிதானத்தை நம்புவது. மற்றொன்று வேகத்தை நம்புவது. இவ்விரு வழிகளும் எவ்வாறு தோன்றின, இவற்றுள் எது சிறந்தது, இவ்வரலாற்றில் நம் நாட்டார் ஒருவருக்கு உரிய இடம் யாது என்பவற்றை மாணவ நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதற்கண் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடுங்குளிரில் உயிர் ஏன் மாய்கிறது? குளிரே கொல்கிறது என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் பெரும்பகை குளிர் அன்று, பனிக்கட்டியே. உயிரணுவின் பெரும்பகுதி நீர். அந்நீர் உறையும்போது பருமனில் பெருகுகிறது, படிகங்களாக வளர்கிறது, அணுவின் உள்ளமைப்பைச் சிதைத்து, அதன் மெல்லிய சவ்வையும் கிழிக்கிறது. அணுவினுள் பனிக்கட்டி தோன்றாவண்ணம் காத்துவிட்டால், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி சென்டிகிரேடு குளிர்ச்சியுடைய திரவ நைட்ரஜனில் அது பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். அந்நிலையில் உயிரின் வேதிவினைகள் யாவும் ஓய்ந்துவிடுவதால், காலமே அங்கு உறங்குகிறது எனலாம்.

இப்பகையை வெல்லும் முதல் ஆயுதம் 1949-ஆம் ஆண்டில் கிடைத்தது. லண்டன் மாநகரில் மில்ஹில் என்னுமிடத்தில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகிய மூவர் சேவலின் விந்தணுக்களை உறையவைக்க முயன்றுவந்தனர். பழச்சர்க்கரைக் கரைசல் என்று கருதி எடுத்த ஒரு குப்பி வியத்தகு பயன் தந்தது. சோதித்துப் பார்த்தபோது, அதில் இருந்தது சர்க்கரை அன்று, கிளிசரால் என்பது தெரியவந்தது. நீர் பனிக்கட்டியாவதைத் தடுத்து உயிரணுவைக் காக்கும் பொருள்கள் உண்டு என்பதை உலகம் அன்று அறிந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் டைமெதில் சல்பாக்சைடு என்னும் பொருளும் இவ்வரிசையில் சேர்ந்தது.

ஆயினும், விந்தணுவினும் பன்மடங்கு பெரியதாகிய கருவைக் காப்பது எளிதாக இல்லை. 1972-ஆம் ஆண்டில் விட்டிங்ஹாம், லீபோ, மேசர் ஆகிய அறிஞர்கள் சுண்டெலியின் கருக்களைக் கொண்டு அப்புதிரை விடுவித்தனர். நிமிடத்துக்கு 0.3 முதல் 2 டிகிரி வரையே குளிர் மிகுமாறு மெல்ல மெல்ல உறையவைத்தால் கரு பிழைக்கும் என்று அவர்கள் காட்டினர். 2,500-க்கும் மேற்பட்ட கருக்களை உறையவைத்துச் சோதித்தனர். உயிர்பிழைத்த கருக்களைத் தாய் எலிகளின் கருப்பையில் வைத்து, குறையற்ற குட்டிகளையும் பெற்றனர். இதுவே மெதுவாக உறையவைக்கும் முறை.

இம்முறையின் நுட்பம் யாது? காப்புப்பொருள் கலந்த கரைசலில் கருவை இட்டுச் சிறிது குளிரவைப்பர். பூஜ்யத்துக்குக் கீழே ஆறு, ஏழு டிகிரி அளவில், கடுங்குளிரூட்டிய இடுக்கியால் குழலின் வெளிப்புறத்தைத் தொடுவர். பாலில் சிறிது மோரை விட்டுப் பிரை குத்துவது போன்றது இது. உடனே கருவுக்குப் புறத்தே பனிக்கட்டி உண்டாகிறது. புறக்கரைசலின் நீர் பனிக்கட்டியாகக் குறையக் குறைய, எஞ்சிய கரைசல் செறிவடைகிறது. அச்செறிவு உயிரணுவின் உள்நீரை வெளியே இழுக்கிறது. ஆக, அணு தானே வற்றி, உள்ளே உறைவதற்கு நீரில்லாத நிலையை எய்துகிறது. வேகம் மிகுந்தால் உள்நீர் வெளியேறுமுன் உறைந்துவிடும். வேகம் மிகக் குறைந்தால் செறிந்த உப்பு அணுவை வாட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிதானத்தைக் காப்பதற்கென்று தனி இயந்திரமும், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத பொழுதும் வேண்டியிருந்தன.

1983-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் டிரௌன்சன், மோர் ஆகியோர் உறைந்த மனிதக் கருவால் ஒரு பெண் கருவுற்றதை அறிவித்தனர். அக்கரு ஆறாம் மாதத்தில் கலைந்தது. மறு ஆண்டில் நெதர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் குழந்தைகள் பிறந்தன. 1985-இல் பிரெஞ்சு அறிஞர்கள் புரோப்பேன்டையால் என்னும் பொருளையும் சர்க்கரையையும் கலந்து இம்முறையைச் செம்மைப்படுத்தினர்.

அதே 1985-இல்தான் எதிர்வழியும் துலங்கிற்று. அதனை நம் அடுக்களையிலிருந்தே விளக்கலாம். சர்க்கரைப் பாகு நெடுநேரம் மெல்ல ஆறினால் கற்கண்டாகப் படிகிறது. முற்றக் காய்ச்சிய பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால், படிகம் தோன்ற நேரமின்றிக் கண்ணாடி போல் இறுகுகிறது. சர்க்கரை ஒன்றே, வேறுபட்டவை செறிவும் வேகமுமே. உயிரணுவின் நீரையும் இவ்வாறே கண்ணாடியாக்கலாம் என்னும் எண்ணத்தைப் பாதிரியாரும் அறிஞருமாகிய பேசில் லூயே, 1940-ஆம் ஆண்டுக்கு முன்பே ஆராய்ந்தார். ரால், ஃபேகி என்னும் இருவர் 1985-இல் சுண்டெலிக் கருவில் அதனை நிறைவேற்றினர். செறிந்த காப்புப்பொருளே நஞ்சாகிவிடுவது இம்முறையின் இடர். ஜப்பானியராகிய குவயாமா 2005-இல் விவரித்த மெல்லிய தகட்டில், ஒரு மில்லிலிட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு கரைசலே கருவுடன் தங்குகிறது. அதனைத் திரவ நைட்ரஜனில் அமிழ்த்தினால், நிமிடத்துக்கு 23,000 டிகிரி வேகத்தில் குளிர்கிறது. வேகம் இத்துணை மிகுந்ததால் காப்புப்பொருளின் அளவைக் குறைக்க முடிந்தது. நஞ்சின் அச்சமும் தணிந்தது.

இனி ஒப்பிடுவோம். மெதுமுறையில் இயந்திரம் பெரும்பணியைச் செய்கிறது, பொழுது மிகுதி. கண்ணாடி முறையில் விலைமிக்க உறைவிப்பு இயந்திரம் வேண்டா. சில நிமிடங்களே போதும். ஆனால் அந்நிமிடங்களில் கருவியல் வல்லுநரின் கை நடுங்கலாகாது. கரு நைட்ரஜனை நேரே தொடுமாயின் மாசு சேருமோ என்னும் கவலையும் உண்டு. மீட்டெடுக்கும்போதும் வெப்பம் மிக விரைவாக ஏறவேண்டும். தாமதித்தால் கண்ணாடி பனிப்படிகமாகிவிடும். ஆயினும், தேர்ந்த ஆய்வுக்கூடங்களில் கண்ணாடியாக்கிய கருக்களுள் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைக்கின்றன. மெதுமுறையில் இழப்பு அதனினும் மிகுதி. ஆகவே உலகெங்கும் வேகமுறையே இன்று முதலிடம் பெற்றுள்ளது.

இதனால் தாய்க்கு விளையும் நன்மை பெரிது. ஒருமுறை எடுத்த சினைமுட்டைகளால் உருவான கருக்களை எல்லாம் ஒருங்கே கருப்பையில் வைத்து, இரட்டையர், மூவர் என்று கருவுற்றுத் தாயும் சேயும் இடருறும் நிலை குறைகிறது. ஒன்றை வைத்து மற்றவற்றைக் காக்கலாம். மருந்தால் சினைப்பையைத் தூண்டிய மாதத்தில் கருவை வைக்காமல், உறையவைத்துப் பின்னொரு மாதத்தில் வைப்பதும் இன்று வழக்கமாகிவிட்டது.

அவ்வழியை 1978-லேயே கைக்கொண்டவர் கல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகர்ஜி. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் ஜூலை 25 அன்று பிறந்தது. பத்து வாரங்கள் கழித்து, அக்டோபர் 3 அன்று, 53 நாள் உறைந்திருந்த கருவிலிருந்து ஒரு பெண்மகவு பிறந்ததாக அவரும் அவர்தம் துணைவர் இருவரும் அறிவித்தனர். மேற்கு வங்க அரசு அமைத்த குழு அதனை நம்ப மறுத்தது. ஜப்பான் சென்று தம் ஆய்வை எடுத்துரைக்க அவருக்கு அனுமதி கிட்டவில்லை. கண் மருத்துவ நிலையமொன்றுக்கு மாற்றப்பட்ட அவர், 1981 ஜூன் 19 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

1986-இல் பம்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று அறிவிக்கப்பட்டது. அச்சாதனையில் பங்குகொண்ட அறிஞர் ஆனந்தகுமார், முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் பின்னாளில் ஆராய்ந்தார். அப்பெருமை முகர்ஜிக்கே உரியது என்று 1997-இல் எழுதி, தமக்கு வந்த புகழைத் தாமே துறந்தார்.

மாணவர்களே, நிதானமும் வேகமும் பகைகள் அல்ல; ஒரே பகையை வெல்லும் இரு வழிகள் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. புதிய செய்தி ஒன்று உங்கள்முன் வரும்போது, அதற்குச் சான்று கேளுங்கள். கேட்டபின் அச்சான்றைப் பொறுமையுடன் ஆராயுங்கள். கல்கத்தாவில் வாளாது கிடந்த குறிப்பேடுகளை அவ்வாறு படித்துப் பார்க்க ஒருவர் முன்வருவதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.