தென்காசி, குற்றாலத்தில் மார்கழி குளிர் எப்படி? சென்னை, ஊட்டி, டெல்லியோடு ஓர் ஒப்பீடு

தென்காசியில் வெப்பநிலை 20 டிகிரியைத் தொட்டாலே "என்னா கூதல்!" என்று மஃப்ளரைத் தேடுவார்கள். இதைக் கேட்டால் டெல்லியில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அதே டெல்லிக்காரர் டிசம்பரில் ஊருக்கு வந்து, விடிகாலையில் குற்றாலம் அருவியில் தலையைக் கொடுத்தால் அவருக்கும் பல் கிட்டும். இந்த வித்தியாசம் ஏன்? எந்த ஊர் குளிரை மக்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? இந்த சீசனில் குற்றாலம் வருபவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

குளிர்காலம் என்பது எந்த மாதங்கள்?

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் ஜனவரியும் பிப்ரவரியும்தான் குளிர்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம்.

தமிழ் மரபில் கணக்கு வேறு. ஐப்பசி, கார்த்திகை கூதிர் காலம். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. தென் மாவட்டங்களில் குளிரைக் "கூதல்" என்று சொல்வது இன்றும் பேச்சில் இருக்கிறது. வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு வாடை என்று பெயர்.

தென்காசியில் கார்த்திகை முழுக்க மழை பெய்தாலும் இரவுகள் அவ்வளவாகக் குளிராது. வானத்தில் இருக்கும் மேகம், தரையின் சூட்டை வெளியே போகவிடாமல் போர்வை போலத் தடுத்துவிடும். மழை விட்டு வானம் தெளிந்ததும் அந்தச் சூடு இரவில் மளமளவென்று வெளியேறிவிடும். அதனால்தான் மார்கழிக் கடைசியிலும் தை மாதத்திலும் விடிகாலைக் குளிர் அதிகம்.

குற்றாலம் எப்போது அதிகம் 'ஜில்'?

வெளியூர்க்காரர்கள் பலர் குழம்பும் இடம் இதுதான். குற்றாலத்தின் பெயர்பெற்ற சாரல் சீசன் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அப்போது தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவு கணவாய் வழியாக ஈரத்தோடு இந்தப் பக்கம் நுழைகிறது. வெயில் மங்கி, சாரல் அடித்து, தமிழகத்தின் மற்ற ஊர்கள் காயும்போது இங்கே பகலிலேயே குளுகுளுவென்று இருக்கும்.

டிசம்பர், ஜனவரியில் கதை தலைகீழ். பகலில் வெயில் அடித்தால் 30 டிகிரியை ஒட்டிப் போய்விடும். இரவும் விடிகாலையும்தான் குளிரும். பகல் குளிர்ச்சி வேண்டுமென்றால் ஆனி, ஆடி. பனி விழும் காலை வேண்டுமென்றால் மார்கழி, தை.

மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால்?

தோராயமாக, உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் வெப்பநிலை 6.5 டிகிரி குறையும். தென்காசி கடல் மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதை வைத்தே பல ஊர்களின் குளிரைப் புரிந்துகொள்ளலாம்.

● சென்னை: கடலோர நகரம். கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாகவே குளிரும் என்பதால் இரவிலும் வெப்பம் பெரிதாகக் குறையாது. ஜனவரியில் சராசரி குறைந்தபட்ச வெப்பநிலை 21 டிகிரியை ஒட்டி இருக்கும்.

● பெங்களூரு: சுமார் 920 மீட்டர் உயரம். ஜனவரி இரவுகள் சராசரியாக 16 டிகிரி அளவில் இருக்கும். 1884 ஜனவரி 13-ம் தேதி 7.8 டிகிரி பதிவானது இங்கே வரலாற்றுச் சாதனை.

● ஊட்டி: சுமார் 2,240 மீட்டர் உயரம். தென்காசியைவிட 13, 14 டிகிரி குறைவாக இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புல்வெளிகளில் உறைபனி படியும்.

● டெல்லி: உயரம் சுமார் 216 மீட்டர்தான். ஆனாலும் ஜனவரி இரவுகள் சராசரியாக 7, 8 டிகிரிக்கு இறங்கும். சஃப்தர்ஜங் நிலையத்தில் 1935 ஜனவரி 16-ம் தேதி மைனஸ் 0.6 டிகிரி பதிவானது.

தென்காசியைவிடச் சற்றே உயரமான டெல்லி ஏன் இப்படி நடுங்குகிறது? முதல் காரணம், அது பூமத்திய ரேகையிலிருந்து வெகுதூரம் வடக்கே இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே பகல் சுமார் 10 மணி 20 நிமிடம்தான். தென்காசியில் பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் இருக்கும். இரண்டாவது, டெல்லிக்குப் பக்கத்தில் கடல் இல்லை. மூன்றாவது, இமயமலைப் பக்கமிருந்து வரும் குளிர்காற்று.

தென்காசியில் 'குளிர் அலை' வருமா?

சமவெளிப் பகுதியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே இறங்கி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருந்தால்தான் வானிலை மையம் குளிர் அலை என்று அறிவிக்கும். 4 டிகிரிக்கு இறங்கிவிட்டால் வேறு கணக்கே தேவையில்லை. தென்காசியின் வழக்கமான குளிர்காலம் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

அப்படியென்றால் 20 டிகிரிக்கே ஏன் நடுக்கம்? வருஷம் முழுக்க 30 டிகிரிக்கு மேலே பழகிய உடம்பு, திடீரென 10 டிகிரி இறங்கினால் அதைக் குளிராகவே உணரும். நம் ஊர் வீடுகளும் காற்று புக வேண்டும் என்று கட்டப்பட்டவை. அருவியில் குளித்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஈர உடம்பில் காற்று படும்போது, தண்ணீர் ஆவியாகி உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துப்போகிறது. தெர்மாமீட்டர் காட்டுவதைவிட அதிகமாகக் குளிர்வது இதனால்தான்.

மக்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

டெல்லியில் ரஜாய் என்ற கனமான பஞ்சுப் போர்வை, ரூம் ஹீட்டர், அடுக்கடுக்கான உடை என்று வாழ்க்கையே மாறும். பனிமூட்டத்தால் ரயிலும் விமானமும் தாமதமாகும். அங்கே வேலை பார்க்கும் தமிழர்கள் பொங்கலுக்குக் கிளம்பும்போது இதையும் கணக்கில் வைத்துத்தான் டிக்கெட் போட வேண்டும்.

தென்காசியில் ஒரு குல்லா, மஃப்ளர், சுக்கு காபி இருந்தால் போதும், காலை ஓடிவிடும். குற்றாலத்தில் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துவிட்டு அருவிக்குப் போகும் வழக்கமும் உண்டு.

ஆனால் எல்லோருக்கும் இது சொகுசுக் குளிர் இல்லை. விடியும் முன்பே மல்லிகை பறிக்கப் போகிறவர்கள், பால்காரர்கள், தூய்மைப் பணியாளர்கள் பனியிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். பனியில் மல்லிகை விளைச்சல் குறைவதால்தான் பொங்கல் நேரத்தில் பூ விலை எகிறுகிறது. பிசான நெல் போட்ட விவசாயிகளுக்கும் கவலை உண்டு. இரவுக் குளிரும் இலையில் தங்கும் பனி ஈரமும் சேர்ந்தால் குலைநோய் பரவ வாய்ப்பு அதிகம்.

அருவிக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது

கார்த்திகை முதல் தேதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்தில் நீராடிவிட்டு செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளா செல்வார்கள். இதே நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் இருக்கும். எனவே உண்மையான ஆபத்து குளிரில் இல்லை, வெள்ளத்தில் இருக்கிறது. 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது.

அருவிக்கரையில் வெயில் அடித்தாலும் மலை மேலே மழை கொட்டினால் சில நிமிடங்களில் வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் உயிரிழந்தார். அது கோடைக்காலம் என்பதையும் மறக்கக் கூடாது.

● தண்ணீர் கலங்கி வந்தாலோ, இலை தழை, குச்சிகள் அடித்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே வெளியேறுங்கள். பொருட்களை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

● குளிக்கத் தடை இருக்கிறதா என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

● குழந்தைகள், முதியவர்கள், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் விடிகாலைக் குளியலைத் தவிர்த்து வெயில் வந்த பிறகு குளிக்கலாம். குளித்ததும் முதலில் தலையைத் துவட்டி, ஈரத்துணியை மாற்றுங்கள்.

● ஊட்டி, கொடைக்கானலில் தங்குபவர்கள் மூடிய அறைக்குள்ளோ டென்ட்டுக்குள்ளோ கரி அடுப்பு வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.