அருஞ்சொற்பொருளில் விடுபட்டவர்கள்

உலக வரலாற்றுத் தாள் எழுதப்போகும் மாணவிகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் நான் முதலில் கொடுப்பது ஒரு கலைச்சொல் பட்டியல். வணிகம், மதம், சட்டம், பேரரசு என்று நாற்பது சொற்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம். மனப்பாடம் செய்துவிட்டால் சிறுவினாக்கள் கைவிட்டுப் போகாது.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவி எழுந்தாள். “மேம், வணிகர்னா பொருளை ஓரிடத்தில வாங்கி இன்னோரிடத்தில விக்கிறவர்னு போட்டிருக்கீங்க. அந்தப் பொருளைச் செஞ்சவங்க எந்தச் சொல்லுல வருவாங்க?” கைவினைஞர் என்று சொல்லி அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் கேள்வி விடவில்லை. நான் கைத்தறி வீட்டுப் பெண். அப்பா தறியில் உட்காருவார். அம்மா விடிவதற்கு முன் எழுந்து தார் சுற்றுவாள், அறுந்த இழைகளைப் பிணைப்பாள், தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது ஒரு முனையில் நிற்பாள், இடையில் உலையும் வைப்பாள். சங்க அட்டையில் நெசவாளர் என்று இருந்தது அப்பாவின் பெயர் மட்டும். என் கல்லூரி விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதியது நானேதான்.

அதன்பிறகு என் பட்டியலை ஒரே ஓர் ஊரின் வரலாற்றை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அந்த ஊர் அஷூர்.

வணிகம்

இன்றைய இராக்கின் வடபகுதியில், டைகிரிஸ் ஆற்றங்கரையில் இருந்த நகரம் அஷூர். அசிரியர் என்றதும் நமக்குப் போர்த் தேர்களும் முற்றுகைகளும் நினைவுக்கு வரும். ஆனால் கி.மு. 19-ஆம் நூற்றாண்டில் அது வணிகத்தால் வாழ்ந்த ஒரு நகர அரசு. வெள்ளீயமும் கம்பளித் துணியும் கழுதைகளின் முதுகில் ஏறி, சுமார் 1,000 கிலோமீட்டர் தொலைவில் இன்றைய துருக்கியில் இருக்கும் கனேஷ் நகரத்துக்குப் போயின. ஏறத்தாழ ஆறு வாரப் பயணம். திரும்பி வந்தவை வெள்ளியும் தங்கமும்.

கனேஷில் குடியிருந்த அசிரிய வணிகர்களின் வீடுகளிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்துள்ளன. வணிகர் ஆவணங்கள் என்றே அவை அறியப்படுகின்றன. அவற்றில் பெண்கள் எழுதிய கடிதங்களும் பெண்களுக்கு வந்த கடிதங்களும் நிறைய உண்டு. பிரெஞ்சு ஆய்வாளர் செசில் மிஷேல் அவற்றைத் திரட்டி 2020-இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்.

கனேஷுக்குப் போன துணியில் ஒரு பகுதி தெற்கே பாபிலோனியாவிலிருந்து வாங்கியது. மற்றது அஷூரின் வீடுகளில் நெய்தது. நெய்தவர்கள் வணிகர்களின் மனைவியர், மகள்கள், சகோதரிகள், வீட்டு அடிமைப் பெண்கள். புஷு-கென் என்ற வணிகரின் மனைவி லமாஸி அவர்களில் ஒருத்தி. எத்தனை துணி, யார் கையில் கொடுத்தனுப்பினேன், அதற்கான வெள்ளி வந்ததா என்று கணவனிடம் கணக்குக் கேட்கிறாள். ஒரு கடிதத்தில், துணி வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே என்கிறாள். மகள் வளர்ந்துவிட்டாள், வண்டிக்குக் கனத்த துணி நெய்ய வேண்டியிருந்தது, வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் நெய்தேன், அதனால் உனக்கு அனுப்ப முடியவில்லை என்று காரணமும் சொல்கிறாள்.

இந்தக் கடிதத்தை வகுப்பில் படித்துக்காட்டுவேன். அதே கை, அதே தறி. கழுதை மேல் ஏறிய துணி வணிகம் என்ற சொல்லுக்குள் வந்துவிடுகிறது. பிள்ளைகளின் உடம்பில் ஏறிய துணி எந்தச் சொல்லுக்குள்ளும் வருவதில்லை.

வக்குர்தும் என்ற பெண்ணுக்கு வந்த கடிதம் இன்னொரு வகை. துணியின் ஒரு பக்கத்தைச் சீவி விடு, மயிரை வெட்டாதே, நெசவு நெருக்கமாக இருக்கட்டும், ஒவ்வொரு துணிக்கும் ஒரு மினா கம்பளி கூடுதலாகப் போடு, நீளம் ஒன்பது முழம், அகலம் எட்டு முழம் இருக்க வேண்டும். மினா என்பது ஏறக்குறைய அரைக் கிலோ. தொலைதூரச் சந்தை என்ன கேட்கிறது என்பது இப்படித்தான் நெய்பவளுக்கு வந்து சேர்ந்தது. அவள் கைத்திறனை நம்பித்தான் சரக்கின் விலை இருந்தது.

மதம்

என் பட்டியலில் மதத்துக்கு எழுதியிருந்தது கடவுள் நம்பிக்கையும் வழிபாடும். அஷூரில் ஊரின் பெயரும் தெய்வத்தின் பெயரும் ஒன்றே. மகள் வளர்ந்துவிட்டாள், வந்து அவளை அஷூர் தெய்வத்தின் மடியில் ஒப்படை என்று லமாஸி கணவனை அழைக்கிறாள். அவர்கள் மகள் அஹஹா தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவள். அவளுக்கு அதில் விருப்பம் இருந்ததா என்று யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை.

ஆனால் அவள் கோயிலோடு முடங்கிவிடவும் இல்லை. கூட்டு முதலீட்டில் அனுப்பிய வணிகச் சாத்தில் அவளுடைய வெள்ளியும் இருந்தது. லாபத்தில் அவளுக்கு வர வேண்டிய பங்கைச் சகோதரன் புஸாஸு எடுத்துக்கொண்டான். அவள் இன்னொரு சகோதரனுக்கு எழுதுகிறாள்: என்னிடம் இருப்பது இது ஒன்றுதான், என்னைப் பாழாக்கிவிடாதே. பெண்ணின் பங்கைச் சகோதரன் எடுத்துக்கொள்ளும் கதை நம் மாணவிகளுக்கு விளக்கம் இல்லாமலே புரிகிறது. மதம், வணிகம் என்று நான் இரண்டு பக்கங்களில் பிரித்து எழுதிய சொற்கள் அஹஹாவின் ஒரே வாழ்க்கைக்குள் இருந்தவை.

சட்டம்

கனேஷில் ஆண்டுக்கணக்கில் தங்கிய வணிகர்கள் அங்கே இன்னொரு மனைவியைக் கொண்டார்கள். ஒருத்தி ‘அஷ்ஷதும்’, மற்றவள் ‘அம்தும்’. ஒரே தகுதியில் இருவரை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது வழக்கம். அம்தும் என்ற சொல்லுக்கு அடிமைப் பெண் என்றும் பொருள் உண்டு. ஆனால் கனேஷின் அம்தும் மனைவியர் அடிமைகள் அல்லர். அவர்களுக்குத் திருமண ஒப்பந்தம் இருந்தது; விலக்கினால் ஈடு கொடுக்க வேண்டும். அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்த்தால் ஒரு மனைவியை அடிமையாக்கிவிடுவோம்.

எண்ணூறு ஆண்டுகள் தள்ளிப் போவோம். அதே அஷூரில் ஜெர்மானிய அகழாய்வாளர்கள் கண்டெடுத்த சட்டப் பலகை ஒன்று, கி.மு. 11-ஆம் நூற்றாண்டில் எழுதிய படி. மணமான பெண் தெருவில் இறங்கினால் தலையை மூட வேண்டும். பரத்தையும் அடிமைப் பெண்ணும் மூடவே கூடாது. மீறிய பரத்தைக்கு 50 அடி, தலையில் கீல் ஊற்ற வேண்டும். மீறிய அடிமைப் பெண்ணின் காதை அறுக்க வேண்டும். கெர்டா லெர்னர் 1986-இல் எழுதிய நூலில் இந்தச் சட்டத்தை விரிவாக ஆராய்ந்தார். எந்த ஆணுக்கு உரியவள் என்பதை வைத்துப் பெண்களை மதிப்புள்ளவர், மதிப்பற்றவர் என்று அரசே பிரித்தது என்பது அவர் வாதம். ‘சட்டம்: சமூக ஒழுங்குக்கான விதிகள்’ என்று எழுதிக்கொடுத்த நான், அந்த ஒழுங்கு யாருடைய காதை அறுத்து வந்தது என்று சொல்லியிருக்கவில்லை.

பேரரசு

கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டுகளில்தான் அசிரியா நமக்குத் தெரிந்த பேரரசாகிறது. கி.மு. 701-இல் மன்னர் செனகெரிப் யூதா நாட்டின் மீது படையெடுத்தார். அங்கிருந்து கொண்டுவந்ததாக அவருடைய ஆண்டுக்குறிப்பு சொல்லும் மக்கள் தொகை 2,00,150. இளையோர் முதியோர், ஆண் பெண் என்று எண்ணிய அதே மூச்சில் குதிரை, கழுதை, ஒட்டகம், ஆடு மாடு என்று பட்டியல் நீள்கிறது. அந்த எண்ணை ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. எண்ணியவர்கள் மனிதரை எந்த வரிசையில் வைத்தார்கள் என்பது மட்டும் உறுதி.

அதே படையெடுப்பில் லாகிஷ் நகரம் வீழ்ந்த காட்சியை நினிவே அரண்மனையின் சுவர்க் கற்களில் செதுக்கினார்கள். இன்று அவை லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. படத்தைத் திரையில் போட்டால் மாணவிகள் முதலில் பார்ப்பது ஏணிகளையும் வில்லாளிகளையும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூட்டையோடு நடக்கும் பெண்களும் வண்டியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளும் கண்ணில் படுகிறார்கள். பேரரசுக்கு என் பழைய விளக்கம், பல நாடுகளை உள்ளடக்கிய பெரும் ஆட்சி. அந்த ‘உள்ளடக்கிய’ என்ற சொல்லுக்குள் இந்தப் பெண்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

இப்போதும் அதே பட்டியலைத்தான் கொடுக்கிறேன். தேர்வு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே மூன்று வரி இடம் விட்டு அச்சடிக்கிறேன். வேலை யார் செய்தது, பெயர் யாருக்குப் போனது, இழப்பு யார் தலையில் விழுந்தது. பதிலை மாணவிகள் எழுத வேண்டும். அன்று கேள்வி கேட்டவளின் வகுப்புத்தோழி ஒருத்தி, வணிகம் என்ற சொல்லுக்குக் கீழே தன் ஆத்தா பீடி சுற்றுவதை எழுதியிருந்தாள். மதிப்பெண் கிடைக்காது என்று தெரிந்தும் எழுதியிருந்தாள்.

போன மாதம் அம்மாவுக்காக ஒரு விண்ணப்பம் நிரப்பினேன். தொழில் என்ற கட்டத்தில் ‘நெசவு’ என்று எழுதிவிட்டு அவளிடம் படித்துக்காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

“இப்ப எதுக்குடி இதை மாத்துற? உங்கப்பா பேர்ல வர்ற பென்ஷன் நின்னுடப் போவுது.”

மாற்றவில்லை, இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது அந்த விண்ணப்பம்.