43.63 விழுக்காடு: ஓர் எண்ணின் வரலாறு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்ட மொழி டாஷ்போர்டு எதைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது, இந்தி பேசுவோர் 43.63 விழுக்காடு என்னும் பெரிய எண். பலரும் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுகின்றனர். அந்த எண் எவ்வாறு உருவானது என்பதை அறிய ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

1894இல் கிரியர்சன் தலைமையில் தொடங்கி 1928இல் நிறைவுற்ற இந்திய மொழியியல் அளவாய்வு, 179 மொழிகளையும் 544 கிளைமொழிகளையும் பட்டியலிட்டது. விவிலியத்தின் கெட்ட குமாரன் உவமையை அந்தந்தப் பேச்சுவழக்கில் சொல்லச்செய்து ஒப்பிட்டனர். சென்னை மாகாணமும் ஐதராபாத், மைசூர் சமஸ்தானங்களும் அந்த அளவாய்வின் எல்லைக்கு வெளியே நின்றன. மைதிலி, மகஹி, போஜ்புரி ஆகிய மூன்றையும் 'பிகாரி' என்னும் ஒரே பெயரின்கீழ்த் தொகுத்த கிரியர்சன், அத்தொகுதியை இந்தியோடு சேர்க்காமல் வங்காளம், அசாமியம், ஒடியா ஆகியவற்றுடன் கிழக்குக் குழுவில் வைத்தார்.

விடுதலைக்குப் பிந்தைய கணக்கெடுப்புகளின் வகைப்பாடு வேறு திசையில் சென்றது. 1961ஆம் ஆண்டுப் பட்டியலில் 1,652 தாய்மொழிப் பெயர்கள் இடம்பெற்றன. 1971 முதல் 10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகள் தனித்தனியே வெளியிடப்படாமல் 'பிற' என்னும் தலைப்பில் அடைக்கப்பட்டன. 2011இல் மக்கள் சொன்ன 19,569 பெயர்கள் சீரமைக்கப்பட்டு 1,369 தாய்மொழிகளாயின. மேலும் 1,474 பெயர்கள் வகைப்படுத்தப்படாதவை என ஒதுக்கப்பட்டன. 10,000 என்னும் வரம்பைக் கடந்த 270 தாய்மொழிகள் இறுதியில் 121 மொழிகளுக்குள் அடங்கின. ஆகவே 1,652ஐயும் 121ஐயும் அருகருகே வைத்து, இடைப்பட்ட காலத்தில் ஆயிரத்தைந்நூறு மொழிகள் அழிந்துவிட்டன என்று வரைபடம் வரைவது பிழை. முன்னது பெயர்களின் எண்ணிக்கை. பின்னது தொகுப்பின் எண்ணிக்கை.

இந்தியின் 52.83 கோடியும் இத்தகைய தொகுப்பே. அதனுள் ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் உள்ளன. இந்தி என்றே பெயர் சொன்னோர் 32.22 கோடி, அதாவது மக்கள்தொகையில் ஏறத்தாழ 26.6 விழுக்காடு. போஜ்புரி என்றோர் 5.06 கோடி, ராஜஸ்தானி 2.58 கோடி, சத்தீஸ்கரி 1.62 கோடி, மகஹி 1.27 கோடி. ஒரே பட்டையாக வரைந்தால் இவர்கள் அனைவரும் மறைகின்றனர். பட்டையைத் தொட்டால் உட்பிரிவுகள் விரியும்படி அமைத்தால் ஒவ்வொருவரும் தெரிகின்றனர். தரவு மாறவில்லை, வாசகர் அறிந்துகொள்வது மாறுகிறது.

காலக்கோட்டில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது. 1991இல் மைதிலி பேசிய 77.67 இலட்சம் பேர் இந்தியின்கீழ் எண்ணப்பட்டனர். 2003ஆம் ஆண்டின் 92ஆம் அரசியலமைப்புத் திருத்தம் போடோ, டோக்ரி, சந்தாலி ஆகியவற்றுடன் மைதிலியையும் எட்டாவது அட்டவணையில் சேர்த்தது. அதன்பின் வெளியான 2001ஆம் ஆண்டுத் தரவில் மைதிலி தனிமொழியாயிற்று. மைதிலியைச் சேர்த்துக் கணக்கிட்டால் 1991இல் இந்தியின் பங்கு 40.22 விழுக்காடு, நீக்கினால் 39.29. 2001இல் மைதிலி நீங்கலான பங்கு 41.03. முதல் எண்ணிலிருந்து கோடு இழுத்தால் உயர்வு 0.81 புள்ளி, இரண்டாவதிலிருந்து இழுத்தால் 1.74 புள்ளி. பின்னதே முறையான ஒப்பீடு. எனினும் காரணத்தை விளக்கும் குறிப்பு கோட்டின்மேல் இல்லையெனில், ஒரே பத்தாண்டுக்கு இருவேறு வளர்ச்சிக் கதைகள் புழங்குவதைத் தடுக்க இயலாது.

இடைவெளிகளுக்கும் வரலாறு உண்டு. 1981இல் அசாமிலும் 1991இல் ஜம்மு காஷ்மீரிலும் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 1981இல் தமிழ்நாட்டின் பதிவேடுகள் வெள்ளத்தில் அழிந்தமையால் அவ்வாண்டுக்குத் தமிழின் முழு எண்ணிக்கை கிடைக்கவில்லை. 1971இல் 6.88 விழுக்காடாகவும் 1991இல் 6.32 விழுக்காடாகவும் இருந்த தமிழின் பங்கை மென்பொருள் தானாகவே ஒரு நேர்கோட்டால் இணைத்துவிடும். அறியாத ஓர் ஆண்டு அறிந்ததுபோல் தோன்றும். வெற்றிடத்தைப் பூச்சியமாக்கும் மென்பொருளோ, கோடிக்கணக்கானோரை ஒரே கணத்தில் இல்லாமலாக்கிவிடும். கோட்டை அவ்விடத்தில் முறித்து, வெள்ளம் என்று ஒரு சொல் எழுதுவதே நேர்மை.

கணேஷ் தேவி முன்னின்று நடத்திய மக்கள் மொழியியல் அளவாய்வு 780 மொழிகளைப் பதிவுசெய்தது. 121, 780 ஆகிய இரண்டும் ஒரே நாட்டைப் பற்றிய எண்களே. எதை மொழி எனக் கொள்வது, எத்தனை பேர் பேசினால் கணக்கில் கொள்வது என்னும் கேள்விகளுக்கான விடைகளே வேறுபடுகின்றன. அந்த விடைகளைத் திரையில் காட்டாத டாஷ்போர்டு, அவற்றுள் ஒன்றை வாசகர் அறியாமலேயே அவர்மீது ஏற்றுகிறது.

இது வடிவமைப்பாளர்களின் கவலை மட்டுமன்று. போஜ்புரியையும் ராஜஸ்தானியையும் எட்டாவது அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்னும் கோரிக்கை நெடுநாளாக நிலுவையில் உள்ளது. பள்ளியில் எம்மொழியில் கற்பிப்பது என்ற விவாதத்திலும் இவ்வெண்களே சான்றாக எடுத்துவைக்கப்படுகின்றன. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்டுள்ளது. தகவல்கள் மின்னணு முறையில் திரட்டப்படவுள்ளன. அத்தரவு வெளியாகும்போது டாஷ்போர்டுகள் முன்னினும் விரைவாக எழும். அவற்றைச் செய்வோர் சேர்க்க வேண்டியவை மூன்று: தொகுப்பை விரித்துக் காட்டும் வசதி, வகைப்பாடு மாறிய ஆண்டின் குறிப்பு, 'பிற' என்பதற்குள் எவை அடங்கும் என்னும் விளக்கம். மாணவர்கள் எந்த வரைபடத்தைக் கண்டாலும் முதலில் தேட வேண்டியவையும் இவை மூன்றே.